கண்ணாடி போகுது, வழி விடுங்க

கண்ணாடிக் கடையின் ஷட்டரில் இரண்டு கட்சிக்காரர்களும் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இடது பக்கம் கறுப்புப் பெயிண்டில் 'துரோகி கடை'. வலது பக்கம் சிவப்புப் பெயிண்டில் 'கைக்கூலி கடை'. எழுத வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. பார்த்திருந்தால் அங்கேயே கைகலப்பாகியிருக்கும், ஷட்டராவது தப்பித்திருக்கும்.

காலையில் கடை திறக்க வந்த அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு இரண்டையும் நிதானமாகப் படித்தாள். உள்ளே போய்த் தின்னர் டப்பாவையும் பழைய துணியையும் எடுத்து வந்தாள்.

"எதை முதல்ல அழிக்கப் போறீங்க?" என்று எதிர்க்கடைத் தையல்காரர் கேட்டார். வம்புக்குத்தான்.

"எவன் கையெழுத்து மோசமோ அதை," என்றாள் அக்கா.

தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும், நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவள் வீட்டுக்காரரை அத்தான் என்றும் அவள் தம்பியை மச்சான் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அப்படித்தான் வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது கொஞ்ச நாளாகக் கூப்பிடுவதில்லை. அதுதான் அக்காவுக்கு வந்த கஷ்டம்.

ஊரில் கட்சி இரண்டு. ஒன்றுக்குச் சின்னம் சாவி, மற்றதற்குக் கூடை. முன்பெல்லாம் அத்தானும் கூடைக்காரர்தான். தெருச் சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் வந்தபோது கூடைக் கட்சி ஆள் ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று கோபித்துக்கொண்டு சாவிக்குப் போய்விட்டார். மச்சான் போகவில்லை. ஊருக்கு ஆஸ்பத்திரி கொண்டுவந்தது கூடைதானே, ஒரு சாக்கடைக்காக அதை மறந்துவிடுவதா என்பது அவன் நியாயம். இந்த இரண்டு நியாயத்தையும் வைத்துக்கொண்டு, ஒரே மேஜையில் ஆளுக்கொரு பக்கம் நின்று கண்ணாடி வெட்டினார்கள். பேச்சு சூடாகும். சூடானால் அக்கா தண்ணீர்ச் செம்பை நடுவில் வைப்பாள். குடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார்கள். கடைக்கு அது ஒரு ரேடியோ மாதிரி. கண்ணாடி வாங்க வந்தவர்கள், வாங்கிய பிறகும் நின்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

தேர்தல் நெருங்க நெருங்கத்தான் பேச்சு கெட்டது. தெருமுனையில் ஒலிபெருக்கி வைத்து, சாவிக்காரர்கள் கூடைக்காரர்களைக் கைக்கூலிகள் என்றார்கள். கூடைக்காரர்கள் சாவிக்காரர்களைத் துரோகிகள் என்றார்கள். முதலில் அது மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும் போட்ட பட்டமாக இருந்தது. போகப்போக அடுத்த வீட்டுக்காரர், பால்காரர், முடி வெட்டுகிறவர் எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றாகிவிட்டார்கள். ஒரே வார்த்தையில் ஆளை முடித்துவிட்டால், மேற்கொண்டு அவரிடம் கேட்க ஒன்றுமில்லை, பாருங்கள். அந்தச் சௌகரியம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

ஒரு சாயங்காலம் ஊர் மன்றத்தின் முன்னால் இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டது. கல் பறந்தது. மன்றத்து முகப்பில், தரையிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் நின்ற பெரிய கண்ணாடி அப்படியே நொறுங்கிக் கொட்டியது. மன்றத்தைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு நெற்றி கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. மச்சான் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தான். குனிந்து தலையைக் கையால் மூடிக்கொண்டவன், தூசி அடங்கியதும் எழுந்தான். எதிர்க் கூட்டத்தில் நின்ற அத்தான், தெருவே கேட்கிற மாதிரி கத்தினார்.

"உனக்கு அங்க என்னடா வேலை, கைக்கூலி."

மச்சான் திரும்பிப் பார்த்தான். "நீ பேசாத, துரோகி."

அத்தானை அவன் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றோடு பேச்சு நின்றது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கடையைப் பிரித்துக்கொள்வது என்று இருவரும் முடிவு செய்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேசாமலே ஒத்துப்போனார்கள். நடுவில் பிளைவுட் தடுப்பு. இடது பக்கம் அத்தானுக்கு, வலது பக்கம் மச்சானுக்கு. கையில் இருக்கிற பெரிய வேலையை முடித்துக் கொடுத்த மறுநாளே தச்சர் வந்து தடுப்பை அடித்துவிடுவார்.

"நான் எந்தப் பக்கம் உட்காரணும்?" என்று அக்கா கேட்டாள்.

அத்தான் கூரையைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தான்.

தாய் தகப்பன் போன பிறகு, தம்பியைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் அக்கா கல்யாணமாகி வந்தாள். வந்த அன்றைக்கு, வீட்டில் தம்பிக்கும் சேர்த்து ஒரு கட்டில் போட்டு வைத்திருந்தார் அத்தான். யாரும் கேட்டு அவர் அதைச் செய்யவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் தடுப்பு அடித்தால் அது கடையோடு நிற்குமா? சாப்பாட்டு மேஜை வரைக்கும் வந்துவிடும். தச்சர் வருவதற்குள் இவர்கள் இருவரையும் ஒரு வார்த்தை பேச வைத்துவிட வேண்டும். அக்காவின் மனதில் வேறு ஒன்றுமே இல்லை.

கையில் இருந்த அந்தப் பெரிய வேலை எது என்று கேட்டால் சிரிப்பீர்கள். மன்றத்து முகப்புக் கண்ணாடிதான்.

மன்றத்து மேனேஜர் மெலிந்த மனிதர். பேசும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார். ஆள்தான் அப்படி, காரியத்தில் கெட்டி. இரண்டு கட்சி வேட்பாளர்களையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, ஊர்க்காரர்களைக் கேள்வி கேட்க விடுவது என்று ஏற்பாடு செய்துவிட்டார். யார் யாரைப் பட்டப்பெயர் சொல்லி ஏசினாலும் அந்தக் கேள்விக்கு அவர் பேச முடியாது, அடுத்தவருக்குப் போய்விடும். அது ஒன்றுதான் நிபந்தனை. போலீசும் சம்மதித்தது. ஆனால் முகப்பில் உடைந்த கண்ணாடி பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்வரை, அங்கே கூட்டம் கூடாது என்று சொல்லிவிட்டது.

"கூட்டத்துக்கு முன்னாடி மாட்டிடணும்மா," என்றார் மேனேஜர். "இல்லேன்னா கூட்டம் இல்ல. கூட்டம் இல்லேன்னா மறுபடி தெருவுல நின்னுதான் பேசுவாங்க. தெருவுல பேசினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். எங்களுக்கு இன்னும் வேலை வரும்," என்றாள் அக்கா.

பொத்தானைத் திருகிய கை நின்றுவிட்டது. அவள் சிரித்த பிறகுதான், தானும் சிரிக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தது.

கண்ணாடி வெட்டுகிற நாள் பெரிய கூத்து. அவ்வளவு பெரிய கண்ணாடியை மேஜையில் சாய்க்க இரண்டு பேர் வேண்டும். இரண்டு பேரும் பேச மாட்டார்கள். நடுவில் அக்கா.

"உன் தம்பியை அந்த மூலையைப் பிடிக்கச் சொல்லு."

"டேய், அந்த மூலையைப் பிடி."

"எந்த மூலைன்னு உன் வீட்டுக்காரரைக் கேளுக்கா. இதுக்கு நாலு மூலை இருக்கு."

"எந்த மூலைங்க?"

"அவன் நிக்கிற மூலை."

"நான் மூலையிலயே நிக்கலக்கா."

"நிக்கலியாம்."

"அதான் காதுல விழுந்துச்சே."

"காதுல விழுதுன்னா நேரா பேசிக்க வேண்டியதுதானே," என்றாள் அக்கா.

உடனே இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். எதிர்க்கடையில் இதைப் பார்த்துக்கொண்டே தைத்த தையல்காரர், யாரோ ஒருவருடைய சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டார்.

மன்றத்தில் கூட்டம் நடக்கிற நாள் வந்தது. தெருக்களில் தடுப்பு வைத்து வண்டி வாகனம் எல்லாவற்றையும் போலீஸ் நிறுத்திவிட்டது. கண்ணாடியைக் கையால்தான் தூக்கிப் போக வேண்டும்.

கண்ணாடி தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. செங்குத்தாக நிறுத்தி, ஆளுக்கொரு முனையைப் பிடிப்பார்கள். தோல் கையுறை போட்ட ஒரு கை அடி விளிம்பில், ஒரு கை பக்க விளிம்பில். முன்னால் போகிறவர் வழியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். குழி என்றால் குழி, படி என்றால் படி. பின்னால் வருகிறவருக்குத் தன் பாதம் தெரியாது. வெயில் அடித்தால் கண் கூசி எதிரே இருப்பதும் தெரியாது. அவர் முன்னவர் சொல்வதைக் கேட்டு, அந்த இடத்தைத் தாண்டியதும் 'ஆச்சு' என்று பதில் கொடுக்க வேண்டும். 'ஆச்சு' வராமல் முன்னவர் அடுத்த அடி வைக்க மாட்டார். வாயை மூடிக்கொண்டு தூக்கக்கூடிய சாமான் இல்லை அது. யார் முன்னால், யார் பின்னால், எந்த வழி என்பதையெல்லாம் தூக்குவதற்கு முன்பே பேசிக்கொள்வார்கள்.

இவர்கள் எங்கே பேசிக்கொண்டார்கள்.

கடையிலிருந்து மன்றத்துக்கு இடது பக்கமாகவும் போகலாம், வலது பக்கமாகவும் போகலாம். இடது பக்கம் போனால் வழியில் சாவிக் கட்சி ஆபீஸ். வலது பக்கம் போனால் கூடைக் கட்சி ஆபீஸ். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்ததும் அத்தான் இடது பக்கம் திரும்பி நின்றார். மச்சான் வலது பக்கம் திரும்பி நின்றான். இரண்டு பேரும் முன்னால் போகிறவர்களாகிவிட்டார்கள். கண்ணாடி இருந்த இடத்திலேயே இருந்தது.

"கண்ணாடி என்ன சொல்லுது, சாவியா, கூடையா?" என்று தையல்காரர் கேட்டார்.

"உங்க கத்திரிக்கோலைத் தூக்கிப் போடச் சொல்லுது," என்றாள் அக்கா. பிறகு இருவரிடமும் சொன்னாள். "சந்தைத் தெரு வழியா நேரா போங்க. அங்க எந்த ஆபீசும் கிடையாது. நீங்க முன்னாடி. நீ பின்னாடி."

"அவர் ஏன் முன்னாடி?"

"உனக்குக் காது நல்லா கேக்கும். அவருக்குக் கேக்காது."

"எனக்கா கேக்காது?" என்றார் அத்தான்.

"நான் சொன்னது எது உங்களுக்குக் கேட்டிருக்கு?" என்றாள் அக்கா. அவர் முன்னால் நடந்தார்.

நடந்தது நடையா? அத்தான் அக்காவிடம் "குழி" என்பார். அக்கா தம்பியிடம் "குழிடா" என்பாள். மச்சான் குழியைத் தாண்டி, "ஆச்சுக்கா" என்பான். "ஆச்சாம்" என்பாள் அக்கா. அப்புறம்தான் அடுத்த அடி. சந்தைத் தெரு முனையில் தடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர், இவர்கள் வருவதைப் பார்க்க ஆரம்பித்து, ஒரு டீயைக் குடித்தே முடித்துவிட்டார்.

"கையில என்ன?" என்று கேட்டார்.

"கண்ணாடி சார்," என்றாள் அக்கா.

"ஒண்ணும் தெரியலையே."

"தெரியாம இருந்தாத்தான் சார் நல்ல கண்ணாடி."

போலீஸ்காரர் எழுந்து வந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத் தடுப்பை நகர்த்தினார். விரல் பட்ட இடத்தை அக்கா முந்தானையால் துடைத்தாள்.

சந்தைக்கு விடுமுறை நாள். கடைகள் சாத்தியிருந்தன. தள்ளுவண்டிகள் ஓரமாகக் கட்டிக் கிடந்தன. பாதித் தெரு போயிருப்பார்கள், முன்னாலிருந்த ஒரு சந்திலிருந்து சாவிக்காரர்கள் வந்தார்கள். மன்றத்தில் முன்வரிசை நாற்காலிகளைக் கூடைக்காரர்கள் பிடித்துவிடப் போகிறார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டதால், முன்கூட்டியே கிளம்பியவர்கள். எதிரி ஆபீஸ் வழியாகப் போவானேன் என்று சந்தைத் தெருவில் நுழைந்திருந்தார்கள். அதே பேச்சைக் கேட்டு, அதே யோசனையோடு, பின்னாலிருந்து கூடைக்காரர்களும் வந்தார்கள். ஒருவர் நினைத்ததையே மற்றவரும் நினைத்திருந்தார். அது தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்ததும் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

சிலருடைய சட்டைப் பையும் கால்சட்டைப் பையும் புடைத்திருந்தன. புடைத்திருந்தது கல்.

நெரிசலில் அக்காவை ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். வண்டியைத் தாண்டி வர முடியவில்லை. கையை ஆட்டினாள், கத்தினாள், எடுபடவில்லை. நடுத்தெருவில் கண்ணாடியோடு அந்த இரண்டு பேர் மட்டும். முன்னால் சாவி, பின்னால் கூடை. கைக்கூலி என்று ஒரு பக்கமும் துரோகி என்று மறுபக்கமும் வார்த்தைகள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. அதைப் பிடித்திருந்தவர்களுக்கு அது உள்ளங்கையில் தெரிந்தது.

சாவிக் கட்சியின் தெருப் பொறுப்பாளர் நல்ல உடம்புக்காரர். முன்னால் வந்து அத்தானின் தோளைத் தொட்டார். "அண்ணே, பின்னாடி நிக்கிறது யாருன்னு பார்த்தீங்களா? அந்தக் கைக்கூலியோட உங்களுக்கு என்ன? விட்டுட்டு இந்தப் பக்கம் வந்துடுங்க."

அதே நேரத்தில் பின்னாலிருந்து ஒரு கூடைக்காரர் மச்சானிடம் சொன்னார். "தம்பி, துரோகியோட சேர்ந்து என்ன சுமை தூக்கிட்டு? விடு. அவன் மேல விழட்டும்."

ஒருவர் கையை விட்டால், மற்றவர் கை போகும். கால் போகும். கழுத்து வரைக்கும் எது வேண்டுமானாலும் போகும். சொன்னவர்களுக்கு அது தெரியாது. தூக்கிக்கொண்டு நின்றவர்களுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு செங்கல் துண்டு உருண்டு வந்து, அத்தானைத் தாண்டி மச்சானின் காலருகே போய் நின்றது. அத்தான் அதைப் பார்த்தார். பழக்கத்தில் அக்கா பக்கம் திரும்பி, "கல்லு" என்றார். அக்கா இல்லை. பின்னால் மச்சான் அடுத்த அடிக்காகக் காலைத் தூக்குவது கண்ணாடியின் ஆட்டத்திலேயே அவருக்குத் தெரிந்தது.

"மச்சான், நில்லு. கல்லு."

கூச்சலில் அது போய்ச் சேரவில்லை.

"மச்சான், காலுக்குக் கீழ கல்லு. கேக்குதா?"

'ஆச்சு' வரவில்லை. அத்தான் அசையாமல் நின்றுகொண்டு, கழுத்தை மட்டும் பொறுப்பாளர் பக்கம் திருப்பினார்.

"கொஞ்சம் வாயை மூடுறீங்களா. என் மச்சான் சொல்றது எனக்குக் கேக்கல."

பொறுப்பாளர் வாய் திறந்தபடி நின்றார். "அன்னைக்கு நீங்களே அவனைக் கைக்கூலின்னு..."

"சொன்னேன். இப்ப அவன் 'ஆச்சு'ன்னு சொல்லணும். அது வர்ற வரைக்கும் யாரும் பேசக் கூடாது. பேச வேணாம்னு உங்க ஆளுங்ககிட்டயும் சொல்லுங்க."

பின்பக்கம் மச்சான் ஒற்றைக் காலைத் தரையில் உரசாமல் வைத்துக்கொண்டு கூடைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "அண்ணே, எனக்கு என் காலே தெரியல. அத்தான் சொல்லித்தான் நான் நடக்கணும். அவர் ஏதோ சொல்றாரு. கொஞ்சம் சும்மா இருங்களேன்."

முதலில் முன்வரிசை அடங்கியது. அவர்கள் பின்னால் திரும்பி உஸ் என்றார்கள். அந்த உஸ் இரண்டு பக்கமும் தெருமுனை வரைக்கும் போனது. ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிடுவது கேட்டது.

"கல்லு, மச்சான்."

"எந்தக் கால்கிட்ட, அத்தான்?"

"வலது."

"தாண்டிட்டேன். ஆச்சு."

தள்ளுவண்டிக்குப் பின்னால் அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கால் வலிதான் என்று பிற்பாடு சொன்னாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு துடைப்பம் முதலில் வந்தது, அதற்குப் பின்னால் மன்றத்தைப் பெருக்குகிற அம்மா வந்தாள். நெற்றியில் கட்டு. அவளைப் பார்த்ததும் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒதுங்கினார்கள். அந்தக் கட்டுக்கு எந்தப் பக்கம் பொறுப்பு என்று ஊரில் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. அவள் எதிரில் நிற்கத்தான் யாருக்கும் முகமில்லை.

"இவ்வளவு கல்லு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டாள். "சந்தைத் தெருவுல கல்லா விளையுது?"

அவள் கண்ணாடிக்கு முன்னால் பெருக்க ஆரம்பித்தாள். ஒருவன் அவள் பார்க்காத நேரமாகப் பையிலிருந்த கல்லை மெதுவாகக் கீழே நழுவ விட்டான்.

"இங்க போடாத. நான் ஒரு ஆள் எவ்வளவு பெருக்குவேன்? பையிலயே வச்சுக்க. வீட்டுக்குக் கொண்டு போ. துணி துவைக்கும்போது உன் பொண்டாட்டி எடுத்துக் கேப்பா, பதில் சொல்லு."

யாரோ ஒருவர் சிரித்தார். எந்தக் கட்சி என்று தெரியவில்லை. சிரிப்பு வந்தபிறகு கல்லை வைத்துக்கொண்டு நிற்பது சங்கடமாகப் போய்விட்டது. பொறுப்பாளர் தள்ளுவண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்தார், அவரால் தனியாக முடியவில்லை. மச்சானிடம் 'விடு' என்று சொன்ன கூடைக்காரர் மறுபக்கத்தைப் பிடித்தார். வண்டி நகர்ந்ததும் அக்கா எழுந்து வந்தாள்.

"கண்ணாடி போகுது, வழி விடுங்க," என்று அத்தான் குரல் கொடுத்தார். "வழி விடுங்க, கண்ணாடி போகுது," என்று மச்சான் பின்னாலிருந்து கொடுத்தான்.

வெயில் மச்சானின் கண்ணில் விழுந்தது. அதைப் பார்த்த கூடைக்காரர்கள் தங்கள் பதாகையைத் தூக்கிப் பிடித்து அவனுக்கு நிழல் கொடுத்தார்கள். சாவிக்காரர்கள் விடுவார்களா? தங்கள் பதாகையைக் கொண்டுவந்து அத்தானுக்குப் பிடித்தார்கள். கூடைப் பதாகை இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தது. சாவிப் பதாகை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

"நிழல் போதும் சாமிகளா, வழி தெரியல," என்றார் அத்தான்.

"எங்க பதாகைதான் முதல்ல வந்துச்சு," என்றான் மச்சான் பின்னாலிருந்து.

"குழி."

"ஆச்சு. ஆனா எங்க பதாகைதான் முதல்ல வந்துச்சு."

"படி. ரெண்டு படி. எவன் முதல்ல வந்தா என்ன, உங்க பதாகையில பெரிய ஓட்டை இருக்கு, வெயில் அது வழியா என் மேலதான் அடிக்குது."

"ஆச்சு. காத்து போக ஓட்டை விடுறதுதான் அத்தான் முறை."

அக்கா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நடந்தாள். இனி அவள் வாய் யாருக்கும் தேவைப்படவில்லை. அவளுக்கு அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் புரியாது.

மன்றத்தில், கண்ணாடியைச் சட்டத்தில் இறக்கினார்கள். விளிம்பில் பூசிய சிலிகான் பசை கொஞ்சம் பிடிக்கிறவரைக்கும் உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நிற்க வேண்டும். கூட்டத்தைப் போலீஸ் தள்ளி நிறுத்தியிருந்தது. மச்சான் உள்ளே, அத்தான் வெளியே. அக்கா வாசற்படியில் நின்று, கதவோரத்து விளிம்புக்குச் சிலிகான் இழுத்துக்கொண்டிருந்தாள். பாதி உள்ளே, பாதி வெளியே.

தெருவில் வேலைக்காகப் பேசியது வேறு. வேலை இல்லாதபோது பேசுவது வேறு. அத்தான் மேல் விளிம்பைப் பார்த்தார், மச்சான் கீழ் விளிம்பைப் பார்த்தான். இவ்வளவு கிட்டத்தில் இரண்டு முகத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் விளிம்பைப் பார்ப்பது? தடித்த கண்ணாடி, குரல் தாண்டாது என்ற தைரியத்தில் அத்தான் வாய் திறந்தார்.

"அன்னைக்கு நீ இதுக்குப் பக்கத்துல நின்னே. உன் மேலதான் விழுந்துச்சுன்னு நினைச்சேன். எனக்கு உசிரே போயிடுச்சுடா. நீ எழுந்ததும் ஓடிவந்து கட்டிக்கணும் போல இருந்துச்சு. சுத்தி எங்க ஆளுங்க நின்னாங்க. வாயில அந்த வார்த்தைதான் வந்துச்சு. யார்கிட்டயும் நீ ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்லன்னு எனக்குத் தெரியாதா?"

மச்சானுக்கு அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. "திட்டுங்க, நல்லா திட்டுங்க," என்றான் அவனும் தன் பக்கத்தில். "எனக்கு வேணும். சாக்கடைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்த அன்னைக்கு நானும்தான் வாளியில அள்ளினேன். எங்க ஆளு ஒருத்தனும் வரல. நீங்க மனசு விட்டுப் போயி கட்சி மாறினீங்க. அது துரோகம் இல்லன்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அதான் தொண்டையிலயே நிக்குது."

வாசற்படியில் நின்ற அக்காவின் கையிலிருந்து சிலிகான் தேவைக்கு மேலே பிதுங்கியது. விரலால் வழித்துக்கொண்டாள்.

"கையை எடுக்கலாம்," என்றாள்.

மச்சான் வெளியே வந்தான். "ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சே, அத்தான்?"

"மேல தூசி இருக்குன்னு சொன்னேன். நீயும் ஏதோ சொன்னியே?"

"நானும் அந்தத் தூசியைத்தான் சொன்னேன்."

"ரெண்டு பேரும் பொய் சொல்றீங்க," என்றாள் அக்கா. "அவருக்கு உசிரே போயிடுச்சாம், உன் மேல கண்ணாடி விழுந்துச்சுன்னு நினைச்சு. இவன் தெரிஞ்சே அந்த வார்த்தையைச் சொன்னானாம், தொண்டையில நிக்குதாம். ரெண்டு காதாலயும் கேட்டேன். போதுமா, இன்னும் வேணுமா?"

அத்தான் முகத்தைத் துடைக்கிற மாதிரி கையுறை போட்ட கையை மேலே கொண்டுபோனார். கையுறையில் இருந்த சிலிகான் மீசையில் அப்பிக்கொண்டது. மச்சான் அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சிரித்துக்கொண்டே துணியை எடுத்து அவர் மீசையைத் துடைத்தான். அவர் தாடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்.

"தச்சரை வர வேணாம்னு யார் சொல்றது?" என்று அந்த நிலையிலேயே கேட்டார்.

"நீங்கதானே கூப்பிட்டீங்க."

"நம்பர் கொடுத்தது நீ."

அக்கா போனை எடுத்துத் தானே கூப்பிட்டாள். "அண்ணே, நாளைக்கு வர வேணாம். ஆமா. பேசிட்டாங்க. இல்ல, இனிமே நிறுத்தத்தான் முடியாது."

கூட்டம் தொடங்கியது. புதுக் கண்ணாடி வழியாக வெளிச்சம் உள்ளே நன்றாக விழுந்தது. முன்வரிசை நாற்காலிகளில் யாரும் போட்டி போட்டு உட்காரவில்லை, தெருவில் கலந்தபடியே வந்து உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் நிபந்தனையைப் படித்தார். சாவி வேட்பாளர் எழுந்து, "இந்தக் கைக்..." என்று ஆரம்பித்து, மேனேஜர் பக்கம் பார்த்து, தண்ணீர் குடித்து, "இந்தக் கூடைக் கட்சி நண்பர்கள்" என்று முடித்தார். மன்றம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

முதல் கேள்வி கேட்க மச்சான் எழுந்து நின்றான். அத்தான் பெருமூச்சு விட்டார். தன் கட்சி வேட்பாளரை வாட்டப் போகிறான் என்று நினைத்தார். மச்சான் திரும்பியது கூடை வேட்பாளர் பக்கம்.

"அண்ணே, நான் உங்க கட்சிதான். எங்க தெருச் சாக்கடை வீட்டுக்குள்ள வந்தப்ப நம்ம ஆளு ஒருத்தர்கூட வரலையே, ஏன்?"

கூடை வேட்பாளர் அவனைப் பார்த்தார். கேட்டவன் எதிரியாக இருந்தால் சொல்லிவிட ஒரு வார்த்தை இருந்தது. தன் ஆளிடம் அதைச் சொல்ல முடியாது, சொன்னால் பேச்சும் பறிபோகும். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், பதில் சொல்ல ஆரம்பித்தார். அந்த வருஷத்து மழை, ஒப்பந்தக்காரர் செய்த கோளாறு, தான் ஊரில் இல்லாதது, கடைசியில் தங்கள் தவறும் கொஞ்சம் உண்டு என்பது வரை வந்தார்.

மச்சான் உட்கார்ந்தான். அத்தான் அவன் காதோரம் குனிந்தார்.

"பதில் சுமார்தான்."

"சுமார்தான். ஆஸ்பத்திரியைப் பத்தி உங்க ஆளைக் கேளுங்க பார்ப்போம், இதைவிட நல்லா சொல்றாரான்னு."

அக்கா திரும்பிப் பார்த்தபோது, அத்தான் ஏற்கெனவே கையைத் தூக்கியிருந்தார்.